அந்தப் பொடியன்களின் படங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு

மண்டப நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஒக்டோபர் மாதம் தென் லண்டனில் உள்ள நம் தமிழ் மண்டபத்தின் முன்தாழ்வாரத்தில் வைக்க நீங்களே ஒப்புக்கொண்ட, கறுப்பினப் பொடியன்களின் உருவப்படக் கண்காட்சியை நிறுத்திவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் நாலு வரியில் அறிவித்திருக்கிறீர்கள். சில பெற்றோர் சங்கடப்படுகிறார்களாம். ஹூடி (தலைமூடி வைத்த மேற்சட்டை) போட்ட படங்களை எடுத்துவிட்டு யூனிஃபோர்மில் இருக்கும் படங்களை மட்டும் வைப்பதென்றால் மறுபடி யோசிக்கலாமாம். செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் கேட்டபோது "இதைப் பெரிசாக்காதேங்கோ அண்ணை" என்று சொல்லப்பட்டது. பெரிசாக்கத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒரு பெண் படக்கலைஞர் எடுத்த அந்தப் படங்களைப் பிரின்ட் எடுத்து, மவுண்ட் செய்து, ஃபிரேம் போட்டது என் கடை. ஒவ்வொரு முகத்திலும் நிழல் எங்கே விழுகிறது, கறுப்புக்குள் விபரம் கெடாமல் வருகிறதா என்று கிட்ட நின்று பார்த்தவன் நான். குழுவில் எத்தனை பேர் படங்களை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுத்தீர்கள்? போனில் வந்த சின்னப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததாகத்தான் கேள்விப்பட்டேன். ஆகவே அவற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் 11 முதல் 16 வயதுக்குள் உள்ள கறுப்பினப் பொடியன்கள். எல்லோர் வீடும் நம் மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஒருவன் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வாழைப்பழம் பொரிக்கிறான்; எண்ணெய் தெறிக்கும் என்று உடம்பைப் பின்னால் சாய்த்திருக்கிறான். இன்னொருவன் தரையில் இருக்க, அக்கா பின்னால் கதிரையில் இருந்து தலை பின்னுகிறாள். இழுக்கிற இழுவையில் அவனுக்கு ஒரு கண் மூடிவிட்டது. பல்லுக்குக் கம்பி போட்ட ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறான். இரட்டையர் இருவர் ஒரே மாதிரி உடுத்த மாட்டோம் என்று சண்டை பிடித்து, ஒருவன் வெள்ளைச் சட்டையிலும் மற்றவன் ஆர்சனல் சட்டையிலும் நிற்கிறார்கள். செத்துப்போன தகப்பனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்த பொடியன் ஒருவன் இருக்கிறான். அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்குகிறது, அவன் மற்றக் கையால் அதைப் பிடித்திருக்கிறான். அவ்வளவுதான் படம். அதைப் பிரின்ட் எடுத்த அன்று கடையில் வேலை செய்கிற பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஹூடி போட்ட படங்கள் மூன்று. உங்களை அதிகம் உறுத்தியது பேருந்துத் தரிப்பில் எடுத்தது என்று சொன்னார்கள். மழை பெய்கிறது, அதனால் ஹூடியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருக்கிறான். வயது 12. தோளில் மாட்டியிருக்கும் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியின் மூலை தெரிகிறது. இரண்டடி உயரத்தில் அதை அடித்திருக்கிறேன், அந்த அளவில் பார்த்தால் மேலுதட்டில் பூனை மயிர்கூட இல்லை என்பது தெரியும். உங்கள் போனில் அது தெரிந்திருக்காது. ஒரு கறுப்பு முகம், ஒரு ஹூடி, இரவு வெளிச்சம். அந்த மூன்றையும் பார்த்ததும் மிச்சத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

அப்படி நிரப்பிக்கொள்வதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் பிலிப் கோஃப் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் சிறுவர்களின் படங்களைக் காட்டி வயதை ஊகிக்கச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் என்று சொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவனுக்கு அவர்கள் சராசரியாக நாலரை வயது கூட்டிப் போட்டார்கள். 13 வயதுப் பிள்ளை அவர்கள் கண்ணுக்கு ஏறக்குறைய வளர்ந்த ஆளாகிவிட்டான். பொலிஸ்காரர்களை வைத்துச் செய்தபோதும் வயது கூடித்தான் வந்தது. அதே 2014இல், நவம்பர் 22ஆம் திகதி, கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவில் விளையாட்டுத் துவக்கு வைத்திருந்த தமீர் ரைஸ் என்ற பிள்ளையைப் பொலிஸ் சுட்டது. வண்டி வந்து நின்று இரண்டு வினாடிக்குள் சுட்டார்கள். வானொலியில் அவர்கள் சொன்ன வயது ஏறக்குறைய 20. உண்மையான வயது 12.

அது அமெரிக்கா, இங்கே அப்படியில்லை என்பீர்கள். சரி, இங்கே வருவோம். 2022 ஓகஸ்டில் இங்கிலாந்தின் சிறுவர் ஆணையர் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018 முதல் 2020 வரையான மூன்று ஆண்டுகளில் லண்டன் பெருநகரப் பொலிஸ் 10 முதல் 17 வயது வரையான 650 பிள்ளைகளை உடை களைந்து சோதித்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண் பிள்ளைகள். அந்த ஆண் பிள்ளைகளில் 58 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் என்று பொலிசாரே பதிந்திருக்கிறார்கள். லண்டன் பிள்ளைகளில் கறுப்பினத்தவரின் பங்கு அதற்குக் கிட்டவும் வராது.

பேருந்துத் தரிப்பில் நிற்கும் கறுப்பினப் பொடியன் என்றால் இந்த ஊரில் நினைவுக்கு வர வேண்டியது வேறொன்று. 1993 ஏப்ரல் 22ஆம் திகதி இரவு தென்கிழக்கு லண்டனின் எல்தமில் பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லோரன்ஸைக் குத்திக் கொன்றார்கள், கறுப்பினத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக. அவனோடு நின்று உயிர் தப்பிய நண்பனைப் பொலிஸ் சாட்சியாக அல்ல, சந்தேக நபரைப் போல நடத்தியது. இதையெல்லாம் விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி மக்ஃபர்சனின் 1999ஆம் ஆண்டு அறிக்கை, லண்டன் பொலிசுக்குள் நிறுவன ரீதியான இனவாதம் இருக்கிறது என்று சொன்னது. தரிப்பில் நின்றவர்களுக்குத்தான் ஆபத்து இருந்தது. நம் மண்டபத்தில் மட்டும் தரிப்பில் நிற்கும் பொடியனே ஆபத்தாகத் தெரிகிறான்.

இனிக் குழுவில் பேசப்பட்டதாக எனக்குச் சொல்லப்பட்டவற்றுக்கு வருகிறேன். "நாங்கள் இனவாதிகள் இல்லை, நல்ல படங்களாக வைக்கச் சொல்லுகிறோம், அவ்வளவுதான்." இதைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் நல்ல படம் எது என்று முடிவுசெய்கிற இடத்தில்தான் இந்தப் பொடியன்களுக்கு எப்போதும் அநியாயம் நடந்திருக்கிறது. என் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

புகைப்படம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள்ளேயே, 1850இல், ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகஸ்ஸி தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்தவர்களைச் சட்டை கழற்றி நிற்க வைத்துப் படம் எடுப்பித்தார். கறுப்பினத்தவர் தாழ்ந்த பிறவி என்று காட்ட அவருக்குப் படம் தேவைப்பட்டது. அதே காலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் கமராவை நேர் எதிராகப் பயன்படுத்தினார். சுமார் 160 படங்கள் அவருடையவை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அவரளவுக்குப் படம் எடுக்கப்பட்டவர் வேறு யாரும் இல்லை என்று சொல்லுகிறார்கள். கோட்டுப் போட்டு, தலை வாரி, பெரும்பாலான படங்களில் சிரிக்காமல் கமராவை நேரே பார்ப்பார். கேலிச்சித்திரங்களில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் அடிமைக்கு அதுதான் அவர் கொடுத்த பதில். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் ஜோர்ஜியா மாநிலக் கறுப்பினத்தவரின் 363 படங்களை ஆல்பங்களில் தொகுத்து அனுப்பினார். அவற்றிலும் நல்ல உடுப்பு, நிமிர்ந்த தலை.

உங்கள் யூனிஃபோர்ம் யோசனை அங்கிருந்துதான் வருகிறது என்று வாதாடலாம். வாதாடினால் என் பதில் இது. அடிமைச் சந்தை நினைவில் இருந்த காலத்தில் டக்ளஸுக்குக் கோட்டு ஓர் ஆயுதம். 2020களில் தென் லண்டனில் 12 வயதுப் பிள்ளை ஒன்று தன்னைப் பிள்ளை என்று நிரூபிக்க ஏன் கோட்டுப் போட வேண்டும்? நம் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்கிறோமா? போன வருட ஆண்டு விழாவில் நம் பொடியன்கள் கிழிந்த ஜீன்ஸோடும் ஹூடியோடும் மேடையில் ஆடினார்கள். நான்தான் படம் எடுத்தேன். அவை இன்னும் உங்கள் முகநூல் பக்கத்தில் இருக்கின்றன.

அமெரிக்கப் படக்கலைஞர் கோர்டன் பார்க்ஸின் கதை இந்த விவகாரத்தோடு இன்னும் நெருக்கமானது. 1948இல் அவர் நியூ யோர்க்கின் ஹார்லெமில் ரெட் ஜாக்சன் என்ற 17 வயதுக் கும்பல் தலைவனோடு வாரக்கணக்காகத் திரிந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். வறுமை இந்தப் பொடியன்களை என்ன செய்கிறது என்று காட்டுவதுதான் பார்க்ஸின் நோக்கம். சண்டை இருந்தது, சாவு வீடு இருந்தது. அதோடு வீடு, தாய், தம்பி, தெருவில் சும்மா நிற்கும் நேரம், சிரிப்பு எல்லாம் இருந்தன. லைஃப் இதழ் அவற்றிலிருந்து 21 படங்களைப் பொறுக்கி, ஹார்லெம் கும்பல் தலைவன் என்ற தலைப்பில் போட்டது. எடுபட்டவை பெரும்பாலும் இருட்டும் வன்முறையும். 2013இல் நியூ ஓர்லியன்ஸ் கலைக்கூடம் மிச்சப் படங்களையும், ஆசிரியர்கள் எங்கே வெட்டினார்கள், எங்கே இருட்டாக்கினார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. படம் எடுத்தவர் கறுப்பினத்தவர், அந்தப் பொடியனை மதித்தவர். இருந்தும், தெரிவுசெய்யும் மேசை வேறு ஆட்களிடம் இருந்ததால் அவன் வெறும் ரௌடியாக நாட்டுக்குக் காட்டப்பட்டான்.

உங்கள் குழு இப்போது அந்த மேசையில் இருக்கிறது. அவர்கள் இருட்டுப் படங்களை எடுத்துக்கொண்டார்கள், நீங்கள் யூனிஃபோர்ம் படங்களை எடுத்துக்கொள்ளுகிறீர்கள். இரண்டு பேருமே அந்தப் பொடியன்களின் பாதியைத்தான் ஏற்கிறீர்கள். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசனில் மைக்கல் பிரவுண் என்ற 18 வயது இளைஞனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றபோது, ஆயிரக்கணக்கான கறுப்பின இளைஞர்கள் தங்கள் இரண்டு படங்களை அடுத்தடுத்து டுவிட்டரில் போட்டார்கள். ஒன்று பட்டமளிப்பு அங்கியிலோ இராணுவச் சீருடையிலோ, மற்றது நண்பர்களோடு கூத்தடிக்கையில். என்னைச் சுட்டால் நீங்கள் எந்தப் படத்தைப் போடுவீர்கள் என்பது ஊடகங்களிடம் அவர்கள் கேட்ட கேள்வி. இரண்டு படத்திலும் இருப்பவன் ஒரே ஆள்தானே.

இங்கே லண்டனிலும் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்த ஒருவர் இருக்கிறார். 2018 இறுதியில் படக்கலைஞர் சீஃபஸ் வில்லியம்ஸ் 56 கறுப்பின ஆண்களைக் கறுப்பு ஹூடியோடு, சிரிப்பில்லாமல், இருட்டுப் பின்னணியில் எடுத்து, ஒவ்வொருவரும் யார், என்ன வேலை என்று வெளியிட்டார். அவர்களில் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி. நல்ல முயற்சி. ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு: வழக்கறிஞர் என்றும் எம்.பி. என்றும் தெரிந்த பிறகுதான் நாம் ஹூடியை மன்னிக்கிறோம். நம் பகுதிப் பொடியன்களுக்கு அப்படிக் காட்ட ஒரு பதவியும் இல்லை. படம் எடுத்த பெண்ணும் படங்களுக்குக் கீழே பெரிய விபரம் ஒன்றும் போடவில்லை. முதற்பெயர், வயது, அவனே சொன்ன ஒரு வரி. பேருந்துத் தரிப்புப் பொடியன் சொன்ன வரி: "எனக்கு மழை பிடிக்கும், சப்பாத்து நனைவதுதான் பிடிக்காது."

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் ஒருவர் "யாரோ ஒரு பிள்ளை விளையாட்டுக்கு எடுத்தது" என்றாராம். கறுப்புத் தோலைச் சரியாக எடுப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவிக் கொடுக்கும் கடையில் வேலை செய்தேன். பாடசாலை வகுப்புப் படங்கள் வரும். வெள்ளைப் பிள்ளைகளின் கன்னச் சிவப்புவரை தெரியும்; கறுப்புப் பிள்ளைகள் கண்ணும் பல்லுமாகத்தான் இருப்பார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான். காரணம் பிள்ளைகளில் இல்லை. ஃபிலிம் தயாரித்த கொடக் கம்பனி ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிறப் பரிசோதனை அட்டையில் பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பது கணக்கு. கபில நிறங்களின் நுணுக்கம் ஃபிலிமில் ஒழுங்காக விழத் தொடங்கியதே, சொக்லேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தங்கள் விளம்பரப் படங்கள் சரியில்லை என்று முறையிட்ட பிறகுதான். தாய்மார் முறையிட்டபோது எதுவும் மாறவில்லை.

இன்றும் கமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளைச் சட்டைக்காக முகத்தை இருட்டாக்கும், அல்லது முகத்தைத் தூக்கப் போய்ச் சாம்பல் பூசியது மாதிரி ஆக்கும். இந்தப் பெண் பிளாஷ் அடிக்கவில்லை. வீட்டுக்குள் எடுத்தவற்றில் ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கியிருக்கிறார். அதனால் கன்னத்தில், நெற்றியில், மூக்கு நுனியில் அந்த மினுக்கம் வந்திருக்கிறது. தோலுக்குள் சிவப்பும் நீலமும் ஓடுவது தெரிகிறது. பொலிஸ் எடுக்கும் படத்தில் வெளிச்சம் நேரே முகத்தில் அறையும், பின்னால் சாம்பல் சுவர். செய்தித்தாள்களில் இந்த வயதுக் கறுப்பு முகங்களை நாம் அதிகம் பார்த்திருப்பது அந்த வெளிச்சத்தில்தான். அதோடு, இவர் ஒவ்வொரு படத்தையும் பொடியனின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்திருக்கிறார். மேலிருந்து எடுத்தால் பாவமாகத் தெரிவான், கீழிருந்து எடுத்தால் மிரட்டுகிற மாதிரி இருக்கும்.

இந்த வேலைக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். ஜமைக்காவில் பத்தாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த பெட்டிக் கமராவோடு தொடங்கிய வான்லி பர்க், 1965இல் பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வேர்த்துக்கு வந்து, தன் அயலவரை ஊடகங்கள் காட்டும் விதம் பொறுக்காமல் தானே எடுக்கத் தொடங்கினார். 1970இல் ஹாண்ட்ஸ்வேர்த் பூங்காவில் அவர் எடுத்த சிறுவன் சைக்கிளோடு நிற்கிறான், சைக்கிளில் பிரித்தானியக் கொடி. நீங்கள் எல்லோரும் எங்காவது அதைக் கண்டிருப்பீர்கள்.

அமெரிக்காவில் படக்கலைஞர் டவூட் பே செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 1963 செப்டெம்பர் 15ஆம் திகதி, அலபாமா மாநில பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நாலு சிறுமிகள் செத்தார்கள். அது பலருக்குத் தெரியும். அதே நாள் இரண்டு பொடியன்களும் செத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஜோனி ரொபின்சன், 16 வயது, பொலிஸ் சுட்டது. வேர்ஜில் வேர், 13 வயது, தமையனின் சைக்கிள் கைபிடியில் இருந்து போகும்போது ஒரு வெள்ளை இளைஞன் சுட்டான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து பே அந்த ஊருக்குப் போய், செத்த பிள்ளைகளின் அதே வயதுடைய இன்றைய பிள்ளைகளையும், அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் எந்த வயதில் இருந்திருப்பார்களோ அந்த வயதுப் பெரியவர்களையும் எடுத்து, சோடி சோடியாக 2013இல் காட்சிக்கு வைத்தார். பக்கத்துப் படத்தில் இருக்கும் அறுபத்து மூன்று வயது மனிதரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், 13 வயது எவ்வளவு சின்ன வயது என்பது உறைக்கும்.

நம் ஊரிலேயே அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2019 நவம்பரில் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான ஸ்டீவ் மக்குவீன் லண்டனின் 1,504 ஆரம்பப் பாடசாலைகளில் மூன்றாம் ஆண்டு வகுப்புகளைப் படம் எடுத்து டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் சுவர் நிறைய வைத்தார். மொத்தம் 76,146 பிள்ளைகள். நகரமெங்கும் விளம்பரப் பலகைகளிலும் வந்தன. நம்மில் பலர் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம், கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்று பார்க்காமல் "என்ன வடிவு" என்றோம். அந்த ஏழு எட்டு வயதுக்காரர்கள் இப்போது பதினைந்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று வடிவாக இருந்த அதே பொடியன்கள் உயரம் வளர்ந்து, குரல் உடைந்து, நம் மண்டபத்துக்கு முன்னால் போகும்போது நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

பயம் இல்லை என்று சொல்லாதீர்கள். மண்டப வாசல் அறிவித்தல் பலகையில் கத்திக் குற்றம் பற்றிய ஒரு போஸ்டர் நெடுநாளாகத் தொங்குகிறது. அதில் ஹூடிக்குள் முகமே இல்லாத ஒரு கறுப்பு உருவம். அதைப் பற்றி ஒரு பெற்றோரும் சங்கடப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. முகமில்லாத ஹூடி சுவரில் இருக்கலாம், அதற்குள் 12 வயது முகம் தெரிந்தால் மட்டும் இடைஞ்சல் என்றால், அது பாதுகாப்பைப் பற்றிய கவலை என்று எப்படி நம்புவது?

நம் ஆட்களின் கடைகளில் நான் நாளும் காண்பது இது. ஒரே நேரத்தில் இரண்டு மாணவர்தான் உள்ளே வரலாம் என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். ஒரு தமிழ்ப் பொடியனும் ஒரு கறுப்பினப் பொடியனும், ஒரே வகுப்பு, ஒரே பை, சேர்ந்து வருவார்கள். கல்லாவில் இருப்பவரின் கண் ஒருவன் பின்னால்தான் போகும். தமிழ்ப் பொடியனுக்கும் அது தெரியும். அவன் வெட்கத்தில் வேறு பக்கம் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் செய்தியையும் அவன் வீட்டில் யாரோ வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

"இது எங்கட விசயம் இல்லை, அவையின்ர விசயம்" என்று பொருளாளர் சொன்னதாகவும் அறிந்தேன். ஐயா, போர் நடந்த தொண்ணூறுகளில் கொழும்பில் லொட்ஜில் இருந்த நீங்களா இதைச் சொல்லுகிறீர்கள்? பதினாறு பதினேழு வயதுத் தமிழ்ப் பொடியன் என்றாலே சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். முகத்தில் எழுதியிருந்த மாதிரி நடத்தினார்கள். அம்மாமார் மீசையை வழித்து, பாடசாலை வெள்ளைச் சட்டை போட்டு, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார்கள், சின்னப் பிள்ளையாகத் தெரியட்டும் என்று. அப்படியும் எத்தனை பேர் திரும்பி வரவில்லை. இங்கே வந்த பிறகும், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்க் கும்பல் சண்டைகள் செய்தியான காலத்தில், நாலு தமிழ்ப் பொடியன்கள் ஒன்றாக நின்றால் பொலிஸ் வண்டி மெதுவாகும். அப்போது இதே மண்டபத்தில் கூட்டம் போட்டு, நம் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள் என்று தீர்மானம் போட்டோம். அந்தக் கூட்டத்துக்கு வந்து நமக்காகப் பேசியவர்களில் பக்கத்துத் தெருக் கறுப்பினத் தேவாலயப் போதகரும் ஒருவர். அறிக்கைப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை.

நிறுத்திய முடிவை அடுத்த குழுக் கூட்டத்தில் மீளப் பெறுங்கள். கண்காட்சியை ஒக்டோபரிலேயே, கறுப்பின வரலாற்று மாதம் முடிவதற்குள், முதலில் சொன்ன முன்தாழ்வாரத்தில் வையுங்கள். களஞ்சிய அறைப் பக்கமோ மாடிப்படி மூலையோ வேண்டாம். ஒரு படமும் எடுக்கப்படக் கூடாது, ஹூடிப் படங்கள் மூன்றும் உட்பட. எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்பதைப் படம் எடுத்தவரும் அந்தப் பொடியன்களும் தீர்மானிக்கட்டும்.

அந்தக் கத்திக் குற்றப் போஸ்டரை இந்த வாரமே கழற்றுங்கள். அதில் உள்ள உதவி எண்கள் வேண்டுமென்றால் எழுத்தில் மட்டும் போட்டு ஒட்டலாம். நானே அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

சங்கடப்பட்ட பெற்றோர் என்ன சொன்னார்கள், குழுவில் எத்தனை பேர் எதற்கு வாக்களித்தார்கள் என்பதைப் பெயர் இல்லாமலாவது கூட்டக் குறிப்பில் பதியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பொடியன்களைக் குறித்து எழுதப்பட்ட இரண்டு மூன்று கீழ்த்தரமான சொற்களை நிர்வாகி நீக்க வேண்டும், எழுதியவர்களிடம் விளக்கமும் கேட்க வேண்டும். நான் இங்கே அவற்றைத் திருப்பி எழுத மாட்டேன்.

தொடக்க நாளுக்கு அந்தப் பொடியன்களையும் அவர்களின் குடும்பங்களையும் குழுவின் பெயரில் கடிதம் எழுதி அழையுங்கள். வாசலில் பதிவு, பை சோதனை என்று நம் ஆட்களுக்கு வைக்காத எதையும் அவர்களுக்கும் வைக்கக் கூடாது. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் படக்கலைஞர் ஒரு வகுப்பு எடுக்க ஆயத்தமாக இருக்கிறார், அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

அதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் என் கடைக்கு வந்து படங்களை உள்ளபடி அளவில் பாருங்கள். ஃபிரேம் போட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். கடை இரவு ஏழு மணிவரை திறந்திருக்கும்.

குழு மறுத்தால், மண்டப யாப்பின்படி விசேட பொதுக்கூட்டம் கேட்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன். இப்போதே சிலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பதிலை எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். முடிவை அறிவித்த அதே வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் வாசிக்கும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்தின் ஆயுட்கால உறுப்பினர் ஒருவன்,
படப்பிடிப்பாளர், தென் லண்டன்